துணிக்கடையில் ஃப்ளூ பரவாமல் தடுப்பது: தீபாவளிக் கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை, வரிசையாக

சென்னையில் ஃப்ளூ காய்ச்சல் அதிகம் தலைதூக்குவது வடகிழக்குப் பருவமழை நாட்களில். தி. நகரிலும் புரசைவாக்கத்திலும் கால் வைக்க இடமில்லாமல் ஜனம் நெரியும் ஐப்பசியும் அதே சமயத்தில்தான் வருகிறது. எப்போது ஆள் குறையவே கூடாதோ அப்போதுதான் ஆள் விழும்.

நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு துணிக்கடையில் ஃப்ளோர் பொறுப்பு என்னுடையது. புதிதாகப் பொறுப்பேற்கும் சூப்பர்வைசர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் வேலையாக வாசலில் சானிடைசர் வைப்பார்கள். அடுத்து கல்லாவுக்கு முன் கண்ணாடித் தடுப்பு. அப்புறம் மருந்து அடிக்க ஆள். லீவு பற்றிய பேச்சு கடைசியில் வரும், பாதி நேரம் வராமலே போகும். வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். தடுப்பூசியை முன்கூட்டியே முடித்துவிட்டு, முதலில் லீவு, அடுத்து காற்று, மூன்றாவது சாப்பாட்டு அறை, பிறகுதான் கையும் துடைப்பமும். துணிக்கடையை வைத்துத்தான் எழுதுகிறேன். மருந்துக்கடை, பாத்திரக்கடை, வங்கிக் கவுண்டர் எதுவானாலும் இதே வரிசைதான்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாளியின் சம்மதம் முதலில், அதுவும் எழுத்தில். "பார்த்துக்கலாம்ப்பா" என்பது சம்மதமில்லை.

அடுத்து ஒரு நோட்டு, இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர், காற்று எங்கே தேங்குகிறது என்று காட்ட ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர், மூன்று அடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் நான்கைந்து டப்பா, சோப்பு, பிளீச்சிங் பவுடர். மீட்டர் வாங்கும்போது என்டிஐஆர் (அகச்சிவப்புக் கதிரால் அளக்கும்) சென்சார் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவு விலையில் வரும் சில மீட்டர்கள் வேறு எதையோ அளந்துவிட்டு கார்பன் டை ஆக்சைடு என்று ஒரு எண்ணைக் காட்டும்.

## 1. தடுப்பூசியை செப்டம்பருக்குள் முடியுங்கள்

ஊசி போட்டு உடலில் எதிர்ப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது முகாம் வைத்தால், பலன் கிடைக்கும்போது கூட்டமே கலைந்திருக்கும்.

ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், ஊசியில் எந்த ரகங்கள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், பரிந்துரைக்கிறது. போன வருடம் போட்ட ஊசி இந்த வருடத்துக்குச் செல்லாது. டப்பாவில் எந்த ஆண்டுக்கானது என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

எல்லோருக்கும் போடப் பணமில்லை என்றால், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள் முதலில். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஐயாவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அவருக்குத்தான் பெரும்பாலும் வயது அதிகம். கர்ப்பிணிகளும், முன்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனவர்களும் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, ஒரு செக்‌ஷனில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் போடுவது. கை வலியும் லேசான காய்ச்சலும் சிலருக்கு ஒரு நாள் இரண்டு நாள் இருக்கும், மேல்தட்டிலிருந்து கட்டு இறக்க ஆள் இருக்காது. பாதிப் பாதியாகப் பிரித்து, திங்கள் செவ்வாயில் போடுங்கள். மற்றொன்று, அந்த லேசான காய்ச்சலைப் பார்த்து "ஊசியால்தான் ஃப்ளூ வந்தது" என்ற பேச்சை வளர விடுவது. கையில் போடும் இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சமாளிப்பு போலத்தான் கேட்கும்.

## 2. லீவு விதியை எழுதி ஒட்டுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிக்கு மேல் தப்பிக்கலாம் என்பது என் அனுபவம்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கடையில், தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர்களுக்குத் தனியாக ஒரு தொகையும் ஒரு குக்கரும் தருவார்கள். பட்டுப் புடவை செக்‌ஷனில் இருந்த தம்பி ஒருவன் கண் சிவந்து, மூக்கு ஒழுக நின்றான். "வீட்டுக்குப் போடா" என்றேன். "இல்லண்ணே, மாத்திரை போட்டுட்டேன், சரியாயிடும். இன்னும் எட்டு நாள்தான், குக்கரை அம்மாவுக்குக் கொடுக்கணும்" என்றான். நான்காம் நாள் அந்த செக்‌ஷனில் ஆறு பேர் படுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, பட்டுப் புடவைக்கு ஆள் இல்லை. அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. குக்கர் வைத்தது நாங்கள்தானே.

ஆகவே முதலில் இந்த மாதிரி "முழு வருகை" பரிசை நிறுத்துங்கள். விற்பனைக்குப் பரிசு கொடுங்கள், பரவாயில்லை.

அடுத்து சம்பளம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, உடம்பு சரியில்லாதபோது ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. இது பல ஊழியர்களுக்குத் தெரியாது, சில மேனேஜர்களுக்கும் தெரியாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) திட்டத்தில் இருப்பவர்களுக்கு, தகுதிக்கான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல்: ஒரு நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாக இஎஸ்ஐ பணம் வராது. ஃப்ளூ அதிகமாகத் தொற்றுவதோ முதல் மூன்று நான்கு நாட்களில். அந்த இரண்டு நாள் பிடித்தத்துக்குப் பயந்துதான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். கடையின் சிக் லீவை அந்த இரண்டு நாளுக்கு எழுதுங்கள்.

மூன்றாவது, முதல் மூன்று நாளுக்கு மருத்துவச் சான்று கேட்காதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்துக்காகக் காய்ச்சலோடு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறோம், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பரப்ப விடுகிறோம். இஎஸ்ஐ பணத்துக்கு அவர்களுடைய சான்று தேவைப்படும், அது தனிக் கணக்கு.

நான்காவது, திரும்பி வரும் நாள். பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வேலைக்கு வரலாம். "போடாமலே" என்ற சொல்லைப் பெரிதாக எழுதுங்கள். காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குத் தெர்மாமீட்டரில் 98.4 காட்டி, பதினொன்றுக்குக் குளிரில் நடுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வந்த பிறகும் இருமல் இருந்தால், இருமல் நிற்கும் வரை மாஸ்க்கோடு குடோன் வேலை.

விதி நிற்க வேண்டுமானால் மாற்று ஆள் வேண்டும். ஆகஸ்டிலேயே ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் வேறு செக்‌ஷனிலிருந்து ஒரு ஜோடியைப் பழக்குங்கள். சுடிதார் பிரிவுக்காரருக்குப் பட்டுப் புடவை விரிக்கத் தெரியாமல் போனால், காய்ச்சல்காரரை நீங்களே போன் போட்டு அழைப்பீர்கள்.

## 3. ஷட்டர் ஏறியதும் மூன்று கேள்வி

வருகைப் பதிவுக்கு முன்னால், வெளியிலேயே கேளுங்கள்: நேற்று இரவிலிருந்து காய்ச்சலோ குளிரோ உண்டா? உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலியா? ஏதாவது மாத்திரை போட்டாயா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். காய்ச்சல் இல்லை என்று பொய் சொல்பவர்கள்கூட மாத்திரை போட்டதை ஒப்புக்கொண்டுவிடுவார்கள். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி மீட்டரை நம்பாதீர்கள். வெயிலில் நடந்து வந்தவருக்கும் மழையில் நனைந்து வந்தவருக்கும் அது தாறுமாறாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள்.

எல்லோர் எதிரிலும் கேட்காதீர்கள். பெண் ஊழியர்களிடம் ஒரு பெண்ணே கேட்கட்டும். ஒருமுறை கூட்டத்தில் கேட்டு அவமானப்படுத்திவிட்டால், மறுநாள் முதல் எல்லோருக்கும் "ஒண்ணுமில்லண்ணே"தான்.

## 4. காற்றை ஓட விடுங்கள்

காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். அந்த ஒரு நாளை எந்தக் கேள்வியும் பிடிக்காது. இருமும்போதும் பேசும்போதும் வரும் பெரிய துளிகள் பக்கத்திலேயே விழுந்துவிடும், நுண்ணியவை மூடிய அறையில் மிதக்கும். அதனால்தான் லீவுக்கு அடுத்த இடம் காற்றுக்கு.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை உடைக்க வேண்டும்: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வராது. உள்ளே இருக்கும் காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப விடும். வாசலுக்கு மேலே இருக்கும் ஏர் கர்ட்டனும் அப்படித்தான். அது குளிர் வெளியே போகாமல் தடுக்கும், புதுக்காற்றையும் சேர்த்துத் தடுக்கும்.

கடையின் காற்று எங்கே தேங்குகிறது என்று பார்க்கச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. காலைப் பூஜைக்கு ஏற்றும் ஊதுபத்தியில் ஒன்றை எடுத்துக்கொண்டு, சாம்பல் விழ ஒரு தட்டையும் கீழே பிடித்தபடி, ஒவ்வொரு மூலையாக நில்லுங்கள். துணியிலிருந்து தள்ளி நில்லுங்கள், இது துணிக்கடை. வாசல் பக்கம் புகை சாய்ந்து ஓடும். எங்கள் கடையில் பட்டுப் புடவை மூலையில் அது நூல் மாதிரி நேராக மேலே போய், சீலிங்குக்கு ஒரு சாண் கீழே குடை விரித்து அப்படியே நின்றது. ஒரு பத்தி எரிந்து முடியும் வரை நின்றது. ஜனம் பாய் மேல் உட்கார்ந்து மணிக்கணக்கில் புடவை பார்க்கும் இடம் அதுதான்.

அந்த மூலைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், வாசலுக்கு எதிர்ப்புறச் சுவரில். வாசலுக்குப் பக்கத்திலேயே மாட்டினால் உள்ளே வரும் காற்றை அப்போதே இழுத்து வெளியே தள்ளிவிடும், மூலை மூலையாகவே இருக்கும். ஃபேனைப் போட்டதும் மறுபடி ஊதுபத்தி. புகை அதை நோக்கி ஓடினால் சரி.

பிறகு மீட்டர். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும். உள்ளே ஏறும் மிச்சமெல்லாம் நாம் விட்ட மூச்சு. 800-க்குள் வைத்திருக்கப் பாருங்கள். 1,000-ஐத் தாண்டினால் கதவைத் திறந்து எக்ஸாஸ்டை முழு வேகத்தில் ஓட விடுங்கள். மீட்டரை மூக்கு உயரத்தில், வாசலிலிருந்தும் ஆட்களின் முகத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். காலை 11, மாலை 6, இரவு 8 என்று மூன்று முறை நோட்டில் குறியுங்கள். ஒரு வாரத்தில் எந்தத் தளம் மோசம் என்று தெரிந்துவிடும். பேஸ்மென்ட் இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

முதலாளி சொல்லப்போவது தெரிந்ததே: "ஏசி போட்டுட்டு கதவைத் திறந்து வெச்சா கரண்ட் பில் யார் கட்டுறது?" ஏசியை 22-லிருந்து 26-க்கு ஏற்றுங்கள், கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மழை நாளில் வெளியிலும் அவ்வளவு சூடு இருக்காது. சாரல் அடிக்கிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கும் பழக்கத்தைத்தான் கண்காணிக்க வேண்டும். மழைக்கு ஒதுங்கியவர்களும் உள்ளே இருக்க, கதவும் மூடியிருந்தால் மீட்டர் சரசரவென்று ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பெடஸ்டல் ஃபேன் வாடிக்கையாளர் பக்கமிருந்து ஊழியர் முகத்தில் அடிக்கக் கூடாது. கல்லாவின் கண்ணாடித் தடுப்பும் சின்னதாகவே இருக்கட்டும். சுவரிலிருந்து சுவர் வரை போட்டால் கேஷியருக்குப் பின்னால் காற்று தேங்கும்.

## 5. சாப்பாட்டு அறையும் விடுதியும்

கடையில் ஊழியர்களுக்குள் பரவுவது பெரும்பாலும் கவுண்டரில் இல்லை, குடோனுக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டு அறையில். ஜன்னல் இல்லாத அறை, வட்டமாக எட்டுப் பேர், மாஸ்க் கிடையாது, எதிர் எதிரே உட்கார்ந்து சிரிப்பு. காலை முழுக்க எடுத்த ஜாக்கிரதை அந்த இருபது நிமிடத்தில் போய்விடும்.

மூன்று பந்தியாகப் பிரியுங்கள். ஒரே செக்‌ஷன் ஆட்களை ஒரே பந்தியில் போடுங்கள். கலந்து உட்கார்ந்தால் ஒருவரிடமிருந்து மூன்று செக்‌ஷனுக்குப் போகும். எதிரெதிராக இல்லாமல் ஒரே திசை பார்த்து உட்காரட்டும். மொட்டை மாடியில் ஷெட் இருந்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை.

தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்ட ஒரே டம்ளர் இருக்கும். எடுத்துவிடுங்கள். "நாங்க தூக்கித்தான் குடிப்போம்" என்பார்கள், உண்மைதான், ஆனால் அவசரத்தில் வாய் வைக்காதவர் யார்? ஆளுக்கொரு பாட்டில், பெயர் எழுதி. டீக்கும் அப்படியே. பிளாஸ்கில் வாங்கி அவரவர் டம்ளரில் ஊற்றுங்கள். ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கும் கண்ணாடி கிளாஸ் இந்த இரண்டு மாதத்துக்கு வேண்டாம்.

தென்மாவட்டங்களிலிருந்து வந்து கடை விடுதியில் தங்கும் பிள்ளைகள்தான் பெரிய கவலை. எட்டுப் பேர் அறையில் ஒருவருக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் முதல் ஒரு சின்ன அறையையாவது காலியாக வையுங்கள், சாமான் அடுக்கி நிரப்பிவிடாதீர்கள். மற்ற அறைகளில் ஒருவர் தலை வைக்கும் பக்கம் அடுத்தவர் கால் வைக்கும்படி படுக்கையை மாற்றினாலே முகங்களுக்கு நடுவே ஏறக்குறைய ஆறடி கிடைத்துவிடும்.

காய்ச்சல் வந்த பையனை ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு அனுப்பும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அன்பால் செய்வதுதான். ஆனால் பத்து மணி நேர ஏசி பஸ்ஸில் அவனும் அவதிப்படுவான், பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போவான். இங்கேயே வையுங்கள், அம்மாவிடம் போனில் பேச வையுங்கள், கஞ்சி கொண்டு போய்க் கொடுக்க ஒரே ஆளை நியமியுங்கள். நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், ஆனால் கஷாயம் குடித்தாயிற்று என்று காய்ச்சலோடு வேலைக்கு வரக் கூடாது என்பதுதான் விதி.

## 6. கல்லா: எச்சில் விரல்

பத்து நிமிடம் கல்லாப் பக்கம் நின்று கேஷியரின் வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் பாருங்கள். நோட்டு எண்ண நாக்குக்குப் போகும். பில் புத்தகம் புரட்ட நாக்குக்குப் போகும். டெலிவரி கவுண்டரில் கட்டைப்பையின் வாயைப் பிரிக்கவும் அதே. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, சொன்னால்கூட "நானா?" என்பார்கள்.

வாயால் சொல்லி இது நிற்காது. தண்ணீரில் நனைத்த பஞ்சு டப்பாவை விரல் தானாகப் போகும் இடத்தில் வையுங்கள். இரண்டு நாளில் பழகிவிடும். பஞ்சை தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதுவே நாறும்.

கியூஆர் அட்டையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்தால் கை மாறுவது குறையும். சாப்பிடும் முன்பும் ஷிஃப்ட் முடிந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். சானிடைசர் என்றால் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும், லேபிளைப் படியுங்கள். சாமி விளக்குப் பக்கத்தில் அதை வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

## 7. மாஸ்க்

கேஷியர், டிரையல் ரூம் பக்கம் நிற்பவர், இருமல் உள்ளவர், இவர்களுக்குக் கட்டாயம். மற்றவர்களுக்கு நெரிசல் நேரத்தில். நனைந்தால் மாற்ற வேண்டும், ஆகவே ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு கொடுங்கள்.

இருமும் வாடிக்கையாளரிடம் மாஸ்க் போடச் சொன்னால் சண்டை வரும். கொடுத்தால் வராது. "அக்கா, தொண்டை கட்டியிருக்கு போல, இந்தாங்க" என்று ஒரு மாஸ்க்கையும் குடிக்கத் தண்ணீரையும் சேர்த்து நீட்டுங்கள். முக்கால்வாசிப் பேர் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

## 8. துடைப்பது

கடைசிப் படி. வழவழப்பான கெட்டிப் பரப்பில் வைரஸ் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். துணியிலும் காகிதத்திலும் அதைவிடக் குறைவு. ஆகவே புடவை மேல் மருந்து அடிப்பது வீண் செலவு, துணியும் பாழ். கைப்பிடி, கார்டு மெஷின், லிஃப்ட் பொத்தான், டிரையல் ரூம் தாழ்ப்பாள், விரல் வைக்கும் பஞ்ச் மெஷின், இவை போதும். நெரிசல் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 4 கிராம். தினமும் புதிதாகக் கலக்குங்கள். கைப்பிடியிலும் தாழ்ப்பாளிலும் தடவிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு வெறும் ஈரத்துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் உலோகம் அரிக்கும். மின்சாதனங்களை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். பிளீச்சிங் தண்ணீரோடு கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும். துப்புரவு செய்யும் அம்மாவிடம் இதை நேரில் சொல்லுங்கள், இரண்டு வாளியையும் வேறு வேறு நிறத்தில் வாங்கிக் கொடுங்கள்.

## 9. ஒருவருக்கு வந்துவிட்டால்

அரை மணி நேரத்துக்குள் வீட்டுக்கு. மாஸ்க்கோடு, தனி ஆட்டோவில், கூலி கடையுடையது. "கூட்டம் குறைஞ்சதும் போ" என்று சொல்லாதீர்கள்.

நெரிசல் வருவது மழைக்காலத்தில் என்பதால் டெங்குவும் ஊரில் இருக்கும். டாக்டர் பார்க்கும் வரை பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது.

சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் காத்திருக்கக் கூடாது. ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். தேவையா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரை மயக்கம், சளியில் ரத்தம், உதடோ நகமோ நீலமாவது, இதில் எது தெரிந்தாலும் 108. ஆலோசனைக்கு 104.

அவரை அனுப்பிய கையோடு நோட்டை எடுங்கள். நேற்று காலை முதல் அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள், ஒரே அறையில் தூங்கியவர்கள், பக்கத்துக் கவுண்டர்காரர்கள், பெயர் பெயராக. தொற்றியிருந்தால் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் தெரியும். அந்த நான்கு நாளும் இவர்களுக்கு மாஸ்க், கடைசிப் பந்தி, காலையிலும் மாலையிலும் மூன்று கேள்வி. நான்காம் நாள் தேதியைப் பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் எழுதுங்கள். அதற்குள் பட்டியலில் இன்னொருவர் விழுந்தால், அவர் பெயரில் புதுப் பக்கம் திருப்பி, எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.